மரக்காணத்து உப்பும் ஒம்பது பவளமும்

திண்டிவனத்துல இருந்து மயிலம் போற பக்கமா ஒரு தனியார் காலேஜ் இருக்குது. அங்க விலங்கியல் லேப்ல அட்டெண்டரா இருந்தவரு பாண்டுரங்கன். வயசு அம்பத்தெட்டு. படிச்சது அஞ்சாங் கிளாஸ். ஆனா ஒரு தவளைக்குள்ள எது எங்க இருக்குதுன்னு கேட்டா, டிகிரி படிக்கிற பசங்க முழிக்கும், இவரு கண்ண மூடிக்கினு சொல்லுவாரு.

பொறந்தது மரக்காணம் உப்பளத்துப் பக்கம். அப்பன், ஆத்தா ரெண்டு பேருமே உப்பளத்துக் கூலி. இவரும் பன்னெண்டு வயசு வரைக்கும் பாத்தி மிதிச்சாரு. உப்பு பூத்த பின்னால மேல நிக்கிற தண்ணி ஒரே கசப்பா இருக்கும். அதை வாய்க்காலுக்குத் தொறந்து விடறது சின்னப் பசங்க வேலை. அப்படித் தொறந்து விட்டு விட்டு அவரு காலு ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் செருப்பு போட்டா அவருக்கு நடக்க வராது.

காலேஜுக்கு அவரு வந்தது கட்டடத்துக்கு மண்ணு சுமக்க. அப்புறம் பெருக்கற வேலை. அப்புறம் லேப். லேப்ல இன்னா வேலை? பசங்க அறுத்துப் பாக்க தவளை புடிச்சாந்து, ஊசியால கழுத்துல குத்தி, பலகையில மல்லாத்தி ஆணி அடிச்சித் தரணும். எலி, கரப்பான், சுறாக்குட்டி, எல்லாம் அவரு கையில செத்ததுங்க. அப்புறம் ஒரு நாளு உசுரோட எதையும் அறுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சி. பாண்டுரங்கனுக்கு வேலையே இல்லாமப் போச்சு. பாட்டில தொடைக்கிறது, எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டுறது, அவ்ளோதான்.

அப்படி இருக்கிறப்ப, ரெண்டாயிரத்து இருவத்தி நாலு மார்ச் மாசம், ஃபாரஸ்ட் ஆளுங்க ஒரு வண்டியில வந்து எறங்கினாங்க. பாண்டிச்சேரி போற ரோட்டுல ஒரு கலர்மீன் கடையில கடல் பவளம் உசுரோட வெச்சி வித்துக்கினு இருந்தானாம் ஒருத்தன். புடிச்சிட்டாங்க. புடிச்சது சரி, அதை வெக்க எடம் வேணுமே? கோர்ட்டு முடிவு சொல்ற வரைக்கும் உசுரோட வெக்கணும். விலங்கியல் பவுலின் மேடம் தான் அந்தப் பக்கத்துல கடல் ஜீவன் படிச்சவங்க. "எங்கிட்ட குடுங்க"ன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கினாங்க.

ஒம்பது பவளத் துண்டு, ரெண்டு கடல் குதிரை. ஆறு துண்டு மான்கொம்பு மாதிரி கிளை விட்டு இருந்துச்சு. மூணு துண்டு மூளை மாதிரி மடிப்பு மடிப்பா உருண்டையா இருந்துச்சு.

"இன்னா மேடம் இது, கல்லா?"ன்னு கேட்டாரு பாண்டுரங்கன்.

"கல்லு மாதிரி தெரியுது இல்ல? கிட்ட வாங்க." மேடம் ஒரு பெரிய லென்ஸ கையில குடுத்தாங்க. "ஒவ்வொரு புள்ளியும் ஒரு உசுரு. வாய் இருக்குது, கை இருக்குது. அதுங்க வீடு கட்டி கட்டி வெச்சது தான் இந்தக் கல்லு."

பாண்டுரங்கன் பாத்தாரு. ஒண்ணும் தெரியல. மேடம் துளி தீனிய சொட்டுக் குழாயில எடுத்து மெதுவா விட்டாங்க. அப்ப தொறந்துச்சு பாருங்க, ஆயிரம் வாய். கொழந்தைக்குப் பால் காட்டுனா வாயைக் கொண்டாரும் இல்ல, அப்படி. பாண்டுரங்கன் லென்ஸ கீழ வெக்கவே இல்ல.

மேடம் கண்ணாடித் தொட்டி மேல கலர் ஸ்டிக்கரு ஒட்டினாங்க. உலகம் பூரா எந்த உசுரு எவ்ளோ ஆபத்துல இருக்குதுன்னு கணக்கு எடுக்கறவங்க இருக்காங்களாம், அவங்க குடுத்த கலரு. பச்சைன்னா இப்போதைக்கு பயம் இல்ல. மஞ்சள்னா ஆபத்து வந்துடுச்சி. ஆரஞ்சுன்னா ரொம்ப ஆபத்து. சிவப்புன்னா போகப் போவுது. மூளைப் பவளத்துக்குப் பச்சை விழுந்துச்சு. கடல் குதிரைக்கு மஞ்சள். மான்கொம்புக்கும் மஞ்சள்.

"ஆனா நம்ம நாட்டு சட்டத்துல எல்லாமே மொத அட்டவணை"ன்னாங்க மேடம். "புலிக்கு இன்னா பாதுகாப்போ, அதே பாதுகாப்பு இதுக்கும்."

காலேஜ் வாச்மேன் ஜெகதீசனுக்கு இது பெரிய தமாஷு. தெனமும் லேப் வாசல்ல வந்து நின்னுக்குவாரு.

"பாண்டுண்ணா, உங்க புலி இன்னைக்காவது உறுமுச்சா?"

"நீ பேசற சத்தத்துல பயந்துக்கினு இருக்குதுடா."

"கல்லுக்கு ஏசி மிஷினு. எனக்கு அந்த கேட்டுல ஒரு ஃபேன் கேட்டேன், மூணு வருஷமா கெடைக்கல. அடுத்த ஜென்மத்துல கல்லா பொறக்கணும்ணா."

ஏசி இல்ல அது, தண்ணியக் குளுமை பண்ற மிஷினு. அந்த வருஷம் வெயிலு எப்படி கொளுத்துச்சுன்னு தெரியும் இல்ல? கடலே சூடாயிடுச்சி. தெக்க, பவளம் இருக்குற கடல்ல, ஏக்கர் ஏக்கரா வெளுத்துப் போயிடுச்சின்னு மேடம் போனுல வீடியோ காட்டுனாங்க. உள்ள எலும்பு தெரியிற மாதிரி வெள்ளையா நின்னுக்கினு இருந்துச்சு. அதைப் பாத்துட்டு, பாண்டுரங்கன் தொட்டியில இருக்குற மிஷினு ஓடுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. ஞாயித்துக் கெழமை கூட வருவாரு. ஒரு நூலு வெச்சிக்கினு மான்கொம்பு நுனிய அளப்பாரு. ஏழு மாசத்துல ரெண்டு வெரக்கடை வளந்துச்சு. முப்பது வருஷமா உசுர எடுத்த கையி, மொத மொதல்ல ஒண்ண வளத்துச்சு. அதை அவரு யாருகிட்டயும் சொல்லல, பொண்டாட்டி அம்சாகிட்ட மட்டும் சொன்னாரு.

"வீட்டுல ஒரு முருங்கைச் செடி நட்டு வெச்சேன், தண்ணி ஊத்துனியாய்யா நீ?"ன்னு கேட்டாங்க அம்சா.

நவம்பர் மாசம் கோர்ட்டு சொல்லிடுச்சி. டிசம்பர் ஒம்பதாந் தேதி, இந்தத் துண்டுங்கள தெக்க கொண்டு போயி, எந்தத் தீவுப் பக்கத்துல இருந்து ஒடச்சாங்களோ அங்கயே கடலுக்குள்ள நட்டு வெக்கணும். நடறதுக்கு முக்குளிக்கிற ஆளுங்க ரெடி. "அங்க வெயில்ல வெளுத்தது எவ்ளோ பொழைச்சிதுன்னு தெரியல. நம்ம ஆறு மான்கொம்பு தான் வெதை மாதிரி"ன்னாங்க மேடம். "நீங்களும் வர்றீங்க, பாண்டு. நீங்க இல்லாம அது வண்டியில ஏறாது."

பாண்டுரங்கன் புதுசா ஒரு சட்டை எடுத்தாரு. மகளுக்கு வளைகாப்புக்கு எடுத்தப்ப கூட தனக்கு எடுக்காத மனுஷன்.

மக சங்கவிய விழுப்புரத்துல குடுத்து இருக்குது. மாப்ள மணிமாறன் அங்க மொபைல் கடை வெச்சிருக்காரு. சங்கவிக்கு டிசம்பர் ரெண்டாவது வாரம் தேதி சொல்லி இருந்தாங்க. கடலுக்குப் போயிட்டு வந்து பேரப் புள்ளையைப் பாக்கறதுன்னு பாண்டுரங்கன் கணக்குப் போட்டுக்கினாரு.

நவம்பர் முப்பதாந் தேதி, சனிக்கெழமை, பெஞ்சல் புயல் வந்துச்சு. வந்தது போகாம இங்கயே உக்காந்துக்கிச்சு. பேஞ்ச மழையில மயிலம், திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் ஏரி ஒடஞ்ச மாதிரி ஆயிடுச்சி. கரண்டு போச்சு. காலேஜு ஜெனரேட்டரு கீழ் ரூமுல இருந்துச்சு, அது தண்ணியில முழுகிடுச்சி.

ஞாயித்துக் கெழமை காலையில பாண்டுரங்கன் மொழங்கால் தண்ணியில நடந்து லேபுக்கு வந்தாரு. தொட்டியில மோட்டாரு நின்னு இருந்துச்சு. தண்ணி அசையல. கடல் ஜீவனுக்கு தண்ணி அசையணும், அசைஞ்சா தான் காத்து கலக்கும். மேடம் பாண்டிச்சேரியில, அவங்க தெருவுல படகு ஓடுது. போன் ஒரு தடவை கெடைச்சிது.

"பாண்டு, எப்படியாவது தண்ணிய அசைச்சிக்கினே இருங்க. நான் ஜல்தியா..." அவ்ளோதான், கட்டாயிடுச்சி.

அசைக்கணும். எப்படி? டீக்கடையில மாஸ்டரு டீ ஆத்துவாரு இல்ல, அது ஞாபகம் வந்துச்சு. மக்குல மொண்டு, ஒசர தூக்கி, நொரை வர்ற மாதிரி திரும்ப ஊத்தினாரு. மொண்டு ஊத்தறது, மொண்டு ஊத்தறது. கம்பளி கொண்டாந்து தொட்டியச் சுத்தினாரு, ஜில்லுன்னு ஆயிடக் கூடாதுன்னு.

ஒம்பது மணிக்கு அம்சா சேலையத் தூக்கிச் செருகிக்கினு லேபுக்கே வந்துட்டாங்க.

"சங்கவிக்கு வலி வந்துடுச்சியாம். மாப்ள போன் பண்ணாரு. எங்க அண்ணன் பால் வண்டி கெளம்புது, விக்கிரவாண்டி வரைக்கும் போகலாம்ன்றாரு. வா போலாம்."

பாண்டுரங்கன் மக்க கீழ வெக்கல. "நீ போ. நான் வந்துடறேன்."

"எப்ப வருவ?"

"கரண்டு வந்ததும்."

அம்சா அவரு கையில இருந்த மக்கப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "யோவ், உன் பொண்ணு பெருசா, இந்தக் கல்லு பெருசா?"

"அங்க பாக்க டாக்டரு இருக்காங்க, மாப்ள இருக்காரு, நீ போற. இதுக்கு யாரும்மா இருக்கா?"

"கேட்டா சொல்லுவேன், உங்கப்பன் கல்லுக்குப் பிரசவம் பாத்துக்கினு இருக்கான்னு." அப்படிச் சொல்லிட்டு, கொண்டாந்த இட்லிப் பொட்டலத்தை டேபிள் மேல வெச்சிட்டுப் போயிட்டாங்க.

ஜெகதீசன் வந்து சேந்துக்கினாரு. ஆளுக்கு ஒரு மணி நேரம் மொண்டு ஊத்தினாங்க. "கேட்டுல எவனும் வரப் போறதில்ல, தண்ணி தான் வருது"ன்னாரு. கையி மரத்துப் போச்சு ரெண்டு பேருக்கும். அந்த நாளு போச்சு. பவளம் எல்லாம் வாயை உள்ள இழுத்துக்கினு இருந்துச்சு, ஆனா கலரு மாறல. உசுரு இருந்துச்சு.

திங்கக் கெழமை காலையில ஒரு கடல் குதிரையக் காணோம். தேடிப் பாத்தா, மூளைப் பவளத்துக்குப் பின்னால செத்து ஒதுங்கி இருந்துச்சு. எப்ப செத்துச்சோ, தண்ணி லேசா நாத்தம் எடுத்துச்சு. மேடம் முன்னாடியே சொல்லி இருக்காங்க, ஒண்ணு செத்து அழுகுனா தண்ணி விஷமாயிடும், ஒடனே முக்கால்வாசி மாத்திடணும்னு.

மாத்தறதுக்குத் தண்ணி? எப்பவும் வெளியூர்ல இருந்து வர்ற உப்புப் பாக்கெட்டு ஒண்ணு இருக்கும், பவளத்துக்குன்னே செஞ்சது, அதைக் கரைச்சி ஊத்துவாங்க. பாண்டுரங்கன் ஸ்டோர் ரூமத் தொறந்தாரு. கீழ் தட்டுல வெச்சிருந்த பாக்கெட்டு எல்லாம் சேத்துத் தண்ணியில ஊறி, சாக்கடையோட சாக்கடையா கரைஞ்சி கெடந்துச்சு.

"கடலுக்குப் போயி கேன்ல மொண்டாந்துடலாமாண்ணா?"ன்னாரு ஜெகதீசன்.

"எந்த ரோட்டுல போவ? மரக்காணம் ரோடு முழுகிக் கெடக்குது. போனாலும் கடலு டீத்தண்ணி மாதிரி இருக்கும், பூரா ஆத்துத் தண்ணி கலந்து."

பாண்டுரங்கன் அப்படியே நின்னாரு. நின்னவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. வந்ததும் அவரு மூஞ்சி மாறிடுச்சின்னு ஜெகதீசன் பின்னால சொன்னாரு.

வீட்டுல ரெண்டு மூட்டை உப்பு இருக்குது. மரக்காணத்துல இருந்து மச்சான் வருஷா வருஷம் அனுப்பறது, சொந்த பந்தத்துக்கெல்லாம் பிரிச்சிக் குடுக்க. கடையில வாங்குற பாக்கெட்டு உப்பு இல்ல, உப்பளத்துல வாரின கல்லுப்பு. கடல் தண்ணியப் பாத்தியில கட்டி, காய வெச்சி எடுத்தது. அப்ப அதைத் திரும்பத் தண்ணியில போட்டா?

"கடலு தானடா அது!"ன்னாரு. "கடல்ல இருந்து தண்ணிய மட்டும் வெயிலு எடுத்துக்கிச்சு. நாம தண்ணியத் திருப்பிக் குடுத்தா கடலு ஆயிடும்."

ஜெகதீசனோட டி.வி.எஸ். மொபெட்டுல மூட்டைய ஏத்திக்கினு வந்தாங்க. மேல் மாடி குடிதண்ணி டேங்குல சுத்தமான தண்ணி இருந்துச்சு. நீல டிரம்முல ஊத்தி, உப்பப் போட்டு, கட்டையால கலக்கினாரு. உப்பளத்துல பொறந்த நாக்கு, ஒரு சொட்டு வெச்சிப் பாத்தாலே தெரியும். வெச்சிப் பாத்தாரு. இன்னும் ஒரு கை போட்டாரு. திரும்ப வெச்சாரு. சரியா கடலு. மேடம் வெச்சிருக்குற உப்பு பாக்குற குழாய எடுத்து ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தாரு. முப்பத்தஞ்சு. எப்பவும் மேடம் வெக்கிற அதே நம்பரு.

ஜெகதீசன் குழாய வாங்கிப் பாத்துட்டு சல்யூட் அடிச்சாரு. "சயின்டிஸ்டுண்ணா நீ. அந்தம்மா வர்றப்ப கோட்ட கழட்டி உனக்கு மாட்டிடுவாங்க."

முக்கால்வாசித் தண்ணிய எடுத்துட்டு, இந்தத் தண்ணிய மெல்ல மெல்ல ஊத்தினாங்க. கண்ணாடி மாதிரி பளிச்சின்னு ஆயிடுச்சி தொட்டி. நாத்தம் போச்சு. பாண்டுரங்கன் ரெண்டு நாளைக்கு அப்புறம் உக்காந்தாரு. ஜெகதீசன் எங்கயோ போயி பன்னும் டீயும் வாங்கியாந்தாரு.

அந்த நேரம் பாத்து ஜெகதீசன் போனுக்கு சிக்னல் வந்துச்சு. மாப்ள மணிமாறன்.

"மாமா! பொண்ணு மாமா! நேத்து சாயங்காலமே. ரெண்டே முக்கா கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. எத்தினி தடவை அடிச்சேன், உங்க போனு செத்துக் கெடக்குது."

பாண்டுரங்கன் போன காதோட அமுக்கிக்கினாரு. "மூக்கு யாரு மாதிரி?"ன்னு மட்டும் கேட்டாரு.

"அத்தை உங்க மூக்குன்னு திட்டிக்கினு இருக்காங்க மாமா."

சிரிச்சாரு பாண்டுரங்கன். ஜெகதீசனக் கட்டிக்கினாரு. பன்னைப் பிச்சி அவரு வாயில திணிச்சாரு, இனிப்பு வேற இல்லாததால. தாத்தா ஆகறதுன்னா அப்படித்தான், கையி எங்க வெக்கறதுன்னு தெரியாது, மண்டைக்குள்ள ஒரே மத்தளம். தொட்டிக்கிட்ட போயி குனிஞ்சி, "பேத்தி பொறந்திருக்குதுடா"ன்னு சொன்னாரு. நெசமாவே சொன்னாரு. கரண்டு வந்ததும் மொத பஸ்ஸு ஏறிடணும்னு இருந்தாரு.

செவ்வாக் கெழமை காலையில மான்கொம்பு நுனியில ஏதோ தொங்கிச்சு. நூலாம்படை மாதிரி. பாசியா இருக்கும்னு பாண்டுரங்கன் சொட்டுக் குழாயால மெதுவா தள்ளினாரு. அது கழண்டு வந்துச்சு. கழண்ட எடத்துல வெள்ளையா இருந்துச்சு.

லென்ஸ எடுத்தாரு. வாயி எதுவும் இல்ல. கறுப்பு கறுப்பா ஓட்டை மட்டும் இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள ஒரு கிளை பூரா ஈரக் காகிதம் மாதிரி உரிஞ்சிது. காத்துப் பத்தலன்னு நெனச்சி திரும்ப மொண்டு மொண்டு ஊத்தினாரு. ஊத்த ஊத்த தோலு உரிஞ்சி மேல மெதந்துச்சு. இன்னும் கொஞ்சம் புதுத் தண்ணி மாத்தலாம்னு, மிச்சம் இருந்த உப்பையும் கரைச்சி ஊத்தினாரு. அதுக்கு அப்புறம் வேகமாப் போச்சு. அந்த இன்னொரு கடல் குதிரையும் சாஞ்சிடுச்சி. மூளைப் பவளம் சாயங்காலம் வரைக்கும் தாக்குப் புடிச்சிது.

புதன் காலையில கரண்டு வந்துச்சு. மோட்டாரு எல்லாம் கரெக்டா ஓடுச்சு. தண்ணிக்குள்ள ஒம்பது வெள்ளை எலும்பு.

பதினோரு மணிக்கு பவுலின் மேடம் வந்தாங்க, சுடிதாரு இடுப்பு வரைக்கும் சேறு. தொட்டியப் பாத்தாங்க. பையக் கீழ போட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்தாங்க. கத்தல. அது தான் பாண்டுரங்கனுக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

"தண்ணி மாத்துனீங்களா?"

"மாத்தினேன் மேடம். முப்பத்தஞ்சு கரெக்டா வெச்சேன். குழாயில பாத்தேன்."

"இன்னா உப்பு?"

"எங்க ஊரு உப்பு மேடம். அளத்து உப்பு."

மேடம் கண்ண மூடிக்கினாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க, "பாண்டு, கடல் தண்ணியில உப்பு மட்டும் இல்ல. சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், இன்னும் எத்தினியோ இருக்குது. பவளம் அதை வெச்சி தான் ஒடம்பு கட்டுது. உப்பு எடுக்கறப்ப அதெல்லாம் உப்புல வராது. சுண்ணாம்பு முன்னாடியே கீழ படிஞ்சிடும். மீதி தனியா நின்னுடும்."

"எங்க மேடம் நிக்கும்?"

"மேல நிக்கிற தண்ணியில. அதை வெளிய விட்டுடுவாங்க இல்ல..."

பாண்டுரங்கன் அதுக்கு மேல கேக்கல. கீழ பாத்தாரு. அவரு காலப் பாத்தாரு. அந்தக் கசப்புத் தண்ணிய எத்தினி ஆயிரம் தடவை இந்தக் காலால மடை தள்ளி விட்டிருப்பாரு. மேடத்துக்குப் பொஸ்தகத்துல தெரிஞ்சது, இவருக்குக் கால்ல தெரியும். தெரிஞ்சும் ஞாபகம் வரல. நாக்குல வெச்சிப் பாத்தப்ப கசப்பு இல்லாம இருந்துச்சே, அப்பவாவது தோணி இருக்கணும். நல்லா இருக்குதுன்னு தான நெனச்சாரு.

"நான் தான் சாவடிச்சேன்"ன்னாரு.

"தெரியாமப் பண்ணீங்க. மாத்தாம விட்டிருந்தாலும் அந்த நாத்தத் தண்ணியில..." மேடம் முடிக்கல. விட்டிருந்தா பொழைச்சி இருக்குமோ இருக்காதோ, அவங்களுக்கே தெரியல. ரெண்டு மூணு துண்டாவது நின்னிருக்கும்னு அவங்க மூஞ்சி சொல்லிச்சு.

வியாழக் கெழமை ரேஞ்சரு வந்து ரிப்போர்ட்டு எழுதினாரு. ஒம்பது வெள்ளைக் கல்லையும் எடுத்து பிளாஸ்டிக் பெட்டியில போட்டு, நம்பரு ஒட்டி, அரக்கு வெச்சாங்க. செத்தாலும் மொத அட்டவணை தான், யாரும் வெச்சிக்கக் கூடாது. ரிப்போர்ட்டுல, புயலால மின்சாரம் நின்னு எல்லாம் செத்துப் போச்சுன்னு எழுதினாரு. கையெழுத்துப் போட பாண்டுரங்கனக் கூப்பிட்டாங்க.

"இது தப்பு சாரு. கரண்டு நின்னப்ப சாவல. நான் உப்புத் தண்ணி ஊத்தினேன், அதுல தான் செத்துச்சு. அப்படி எழுதுங்க."

ரேஞ்சரு நிமிந்து பாத்தாரு. "பெரியவரே, அப்படி எழுதுனா நீங்க உள்ள போவீங்க. புலியக் கொன்ன கேஸு மாதிரி. பேத்தி பொறந்திருக்குதுன்னாங்க, பேசாம போடுங்க."

"நெசத்தை எழுத வேணாமா?"

"யாருக்கு வேணும் நெசம்? இந்தப் புயல்ல ஆளே செத்திருக்காங்க."

ஜெகதீசன் பின்னால இருந்து தோள அமுக்கினாரு. "போடுண்ணா." பாண்டுரங்கன் போட்டாரு. போட்டுட்டு மேடத்துகிட்ட வந்தாரு. அவரு மனசுல ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.

"மேடம், இதுங்கள ஒடச்ச எடத்துல தாய்ப் பவளம் நிக்கும் இல்ல? அதுல இருந்து முறையா உத்தரவு வாங்கி, ஒரு துண்டு எடுத்து வளக்க முடியாதா? அங்க ஆளு எறங்கிப் பாக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை நான் தண்ணியில கையே வெக்க மாட்டேன். நீங்க சொல்றத மட்டும் பண்றேன்."

மேடம் அவரையே பாத்தாங்க. "கேக்கறேன் பாண்டு. கடலு தெளிஞ்சதும் எறங்குவாங்க. நீங்க போயி பேத்தியப் பாருங்க மொதல்ல."

ஞாயித்துக் கெழமை பஸ்ஸு ஓடுச்சு. விக்கிரவாண்டிப் பக்கம் வயல் எல்லாம் சேத்து மண்ணு. நெல்லு இருந்த எடம் தெரியல. ரோட்டோரமா நனைஞ்ச மெத்தை, பள்ளிக்கூடப் பொஸ்தகம், காயப் போட்ட துணி. விழுப்புரம் மாப்ள வீட்டுலயும் தண்ணி பூந்து எறங்கி இருந்துச்சு. சங்கவி மேல் மாடி ரூமுல இருந்தா.

உள்ள போனதும் சங்கவி மூஞ்சியத் திருப்பிக்கினா. "வாங்க, கல்லுக்காரரே. ஒரு வாரம் ஆச்சு. வழி தெரிஞ்சிதா?"

"கோவமாம்மா?"

"எனக்கு இன்னா கோவம். உங்க பேத்திகிட்ட கேளுங்க, அவ தான் வாசலயே பாத்துக்கினு இருந்தா."

அம்சா கொழந்தைய எடுத்து அவரு கையில வெச்சாங்க. பாண்டுரங்கன் மூச்சு கூட விடல. இவ்ளோ லேசா இருக்கும்னு அவருக்கு மறந்து போச்சு. சங்கவியத் தூக்கினது இருவத்தஞ்சு வருஷம் முன்னாடி. கொழந்தை கொட்டாவி விட்டுச்சு, வாயி இத்தினூண்டு. மூக்கு அவரு மூக்கு தான், நடுவுல லேசா மேடு. சின்ன வெரலால அவரு சட்டைப் பித்தானப் புடிச்சிக்கிச்சு. கடலுக்குப் போகன்னு எடுத்த சட்டை அது.

"இந்த மூக்கு வேணாம்னு தான் எல்லா சாமிக்கும் வேண்டிக்கினேன்"ன்னாங்க அம்சா.

"ராஜா மூக்குடி இது."

"ராஜாவப் பாத்தியா நீ?"

மணிமாறன் போனத் தூக்கினாரு. "மாமா, இங்க பாருங்க, போட்டோ. சிரிங்க. மாமா, சிரிச்சா தான் எடுப்பேன்."

பாண்டுரங்கன் சிரிச்சாரு. அந்தப் போட்டோ இன்னைக்கும் சங்கவி போனுல இருக்குது. பல்லு பூரா தெரியும். பொய்ச் சிரிப்பு இல்ல அது, கொழந்தையப் பாத்து வந்த சிரிப்பு.

அப்புறம் அவரு போனு அடிச்சிது. பவுலின் மேடம். கொழந்தைய ஒரு கையில ஏந்திக்கினே எடுத்தாரு.

"பாண்டு, விழுப்புரத்துல இருக்கீங்களா? பாப்பா நல்லா இருக்குதா?"

"தங்கமா இருக்குது மேடம். எறங்கிப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. அந்தத் தீவுப் பவளத் திட்டு பூரா பாத்தாங்க. வெயிலுக்கு வெளுத்தது திரும்பவே இல்லையாம். மேல பாசி மூடிடுச்சி. மூளைப் பவளம் ஒண்ணு ரெண்டு இருக்குதாம்."

"மான்கொம்பு?"

"அந்த எடத்துல இல்ல பாண்டு. வேற தீவுல இருக்கும், தேடுவாங்க. அந்தத் திட்டுல இல்ல."

"சரிங்க மேடம்"ன்னாரு. போன வெச்சாரு. கொழந்தை தூங்கிப் போச்சு. அதோட வெரலப் பித்தான்ல இருந்து ஒண்ணொண்ணா எடுத்து, அலுங்காம அம்சா மடியில வெச்சாரு. வெச்சிட்டு வெளிய மாடிப்படியில போயி உக்காந்தாரு.

கொழந்தைய மககிட்ட குடுத்துட்டு அம்சா பின்னாலயே வந்தாங்க. அவரு பக்கத்துல ஒரு படி கீழ உக்காந்தாங்க. திட்டல.

"இன்னாவாம்?"

பாண்டுரங்கன் சொன்னாரு. உப்பு, குழாய்ல முப்பத்தஞ்சு, கசப்புத் தண்ணி, கையெழுத்து, எல்லாம் சொன்னாரு. தெக்க எறங்கிப் பாத்ததையும் சொன்னாரு. அம்சா குறுக்க பேசாம கேட்டாங்க. கீழ தெருவுல யாரோ வீட்டுச் சேத்த வாளியால மொண்டு மொண்டு வெளிய ஊத்திக்கினு இருந்தாங்க.

"உங்கிட்ட இருந்த ஆறு தான் இருந்துச்சா அப்ப, அந்த எடத்துக்கு?"

"ஆமா."

"அந்த மேடம் திரும்ப எதனா உசுரு குடுத்தா?"

"வேணாம்னு சொல்லிடுவேன். இந்தக் கைக்கு வேணாம்."

உள்ள கொழந்தை அழுவுச்சு. சங்கவி, "அப்பா, உங்க மூக்கு அழுவுது, வந்து தூக்குங்க"ன்னு கூப்பிட்டா. அம்சா அவரப் பாத்தாங்க. பாண்டுரங்கன் எழுந்துக்கல. ரெண்டு கையையும் மொழங்கால் மேல விரிச்சி வெச்சிக்கினு உக்காந்தே இருந்தாரு. கொஞ்ச நேரம் பாத்துட்டு அம்சாவே எழுந்து உள்ள போனாங்க.